பொட்டு வைத்த பட்டன்

அக்கா,

இன்று மதியம் ஸ்டோர் ரூமில் தீபாவளிப் பெட்டியைத் திறந்தேன். முதலில் வாசனைதான் வந்தது. கூடாரம் போடும் கெமா துணியின் பிளாஸ்டிக் வாடை, அதற்கு அடியில் லேசாக ஓமம். உங்கள் முறுக்கு டின்களோடு ஒரே வேனில் எத்தனையோ சீசன் போய்வந்த பெட்டி. ஓமம் அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா. கூடாரத் துணியை எடுத்து உதறியபோது மடிப்புக்குள் இருந்த ரிமோட் கண்ட்ரோல் நழுவி என் கால் பெருவிரலில் நச்சென்று விழுந்தது. ஒற்றைக் காலில் கொஞ்ச நேரம் குதித்தேன். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால், நான் குதித்து முடித்து இரண்டு காலையும் தரையில் ஊன்றும்வரை பொறுத்திருப்பீர்கள். அப்புறம்தான் சிரித்திருப்பீர்கள்.

ரிமோட் இன்னும் உங்கள் முறுக்குப் பொட்டலக் கவருக்குள்தான் இருக்கிறது, மேலே ரப்பர் பேண்டு. கவரின் மேல், படத்தை நிறுத்தி வைக்கும் பட்டன் இருக்கும் இடத்தில், அரக்கு நிறத்தில் ஓர் ஒட்டுப் பொட்டு. நடுத்தர சைஸ். என் கடைச் சரக்கு. ஒட்டியவர் நீங்கள்.

நான் பெட்டியைத் திறந்தது கடை போடுவதற்காக இல்லை. கெமாவையும் கம்பிகளையும் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று. கிள்ளானில் ஒன்று, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒன்று என்று கூரையுள்ள கடைகள் இரண்டு இருக்கும்போது, வருடத்துக்கு ஒரு மாதம் ரோட்டோரத்தில் வெயிலிலும் மழையிலும் நின்று வளையல் விற்க எனக்கு என்ன தலையெழுத்து? முழங்கால் ஒத்துவரவில்லை என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. உங்கள் லாட்டில், என் பக்கத்துக் கடை இடத்தில், வேறு யாரோ ஒரு ஆள் டின் அடுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான். லாட்டுக்கான ஃபாரம் மேசை டிராயரில் கிடக்கிறது. நாளை மறுநாள் கடைசி நாள். எழுதாமல் விட்டால் என் இடம் போய்விடும். போகட்டும் என்றுதான் இருந்தேன், இந்த ரிமோட் காலில் விழும்வரை.

நாம் முதன்முதலில் பக்கத்துப் பக்கத்து லாட் எடுத்த வருடம் நினைவிருக்கிறதா? அதற்கு முன்னால் நான் ஷா ஆலம் ஃபேக்டரி வாசல்களில் இரண்டு பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஷிஃப்ட் முடிந்து வரும் பெண்களிடம் கிளிப்பும் பொட்டும் விற்றவள். மேசை போட்டு, விளக்குப் போட்டு, தலைக்கு மேல் துணியோடு ஒரு கடை என்பது எனக்கு அதுதான் முதல் தடவை. மதியம் இரண்டு மணிக்கு வளையல்களை நிறம் நிறமாகக் கம்பியில் கோத்து முடித்து நிமிர்ந்தால், என் கடைக்கு முன்னால் ஒரே முதுகாக இருந்தது. கிள்ளானில் உள்ள அங்கிள்கள் அத்தனை பேரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். உங்கள் முறுக்கு டின்களின்மேல் ஒரு சின்ன டிவி. அதில் ஒரு தொப்பைக்காரன் ஏணியிலிருந்து மாவு மூட்டைமேல் விழுந்துகொண்டிருந்தான். கூட்டம் சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது கடைக்காரி.

"அக்கா, உங்க டிவியக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்க. என் கடைய மறைக்கிறாங்க."

"அந்தப் பக்கம் வெயில் அடிக்குதுக்கா. படம் தெரியாது லா."

நீங்களும் என்னை அக்கா என்றீர்கள். நான் உங்களை அக்கா என்றதற்குப் பழிவாங்குகிறீர்கள் என்று நினைத்தேன். அன்றிலிருந்து இருபது வருடம், யாரும் யாருக்கும் இறங்கி வராமல், இரண்டு பேரும் இரண்டு பேரையும் அக்கா என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

உங்களுக்குப் பிடித்த சிரிப்பு எனக்குப் பிடிக்காது. வாழைப்பழத் தோல், வாளித் தண்ணீர், கன்னத்தில் அறை, சேற்றில் விழுவது. எனக்கு இரண்டு பேர் உட்கார்ந்து பேச வேண்டும். ஒருத்தன் மிகவும் மரியாதையாக ஒரு பொய்யைச் சொல்ல வேண்டும், மற்றவன் அதைவிட மரியாதையாக அதை நம்புவதுபோல் நடிக்க வேண்டும். அதில்தான் எனக்குச் சிரிப்பு வரும். வியாபாரத்தில் தினமும் பார்ப்பது அதுதானே. நீங்கள் அதைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டுக் கேட்பீர்கள்:

"இதுல எந்த இடத்துலக்கா சிரிக்கணும்? கையத் தூக்கிக் காட்டுங்க, நானும் சிரிக்கிறேன்."

"உங்களுக்கு ஒருத்தன் விழுந்தாத்தான் சிரிப்பு வரும். அவனுக்கு அடிபட்டிருக்குமேன்னு தோணாதா?"

"அவன் விழுந்ததுக்கு யாரு சிரிச்சா? எந்திரிச்சான் பாருங்க, அதுக்குத்தான் சிரிக்கிறேன். எந்திரிக்கலன்னா அது காமெடி இல்லக்கா, நியூஸ்."

அப்போது அதை ஒரு பேச்சாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வருடம் நான் செய்த காரியம் இருக்கிறதே, அதைச் சொன்னால் என் கடைப் பெண்கள் இன்றும் நம்ப மாட்டார்கள். உங்களுக்குப் போட்டியாக நானும் ஒரு டிவி கொண்டுவந்தேன். உங்களுடையதைவிடப் பெரியது. என் பேச்சுக்காரர்களைப் போட்டேன். அரை மணி நேரத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. வாத்தியார் மாதிரி இருந்தவர்கள், வேட்டி கட்டியவர்கள், எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்று, தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார்கள். எனக்கு ஒரே பெருமை. சாயங்காலம் பார்த்தால் காலையில் கோத்த வளையல் அப்படியே கம்பியில் இருக்கிறது. உங்கள் பக்கம் எட்டிப் பார்த்தேன். உங்கள் கூட்டம் விழுகிறவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சாம்பிள் தட்டில் கைவிட்டு மென்றுகொண்டிருந்தது. தட்டை நான்காவது தடவை நிரப்பிக்கொண்டிருந்தீர்கள். பொட்டலம் ஒன்றும் நகரவில்லை.

"என்னக்கா, இவ்ளோ கூட்டம், ஒண்ணும் விக்கல?" என்றேன்.

"வாய் ரெண்டு வேலை செய்யுதுக்கா, சிரிக்குது, மெல்லுது. கிலோ எவ்ளோ, பாக்கெட் எவ்ளோன்னு கேக்க அதுக்கு எங்க நேரம்?"

யாவாரிகள் மட்டும் செய்யக்கூடிய தப்பு அது. கூட்டம் சேர்ந்தால் விற்கும் என்று நினைத்துவிட்டோம். மனசாரச் சிரிக்கிறவன் அந்த நேரத்தில் எதுவும் வாங்க மாட்டான். அவனுக்குத்தான் வேண்டியது கிடைத்துவிட்டதே.

மூன்றாம் நாள் மதியம் அந்த மஞ்சள் சுடிதார்ப் பெண் வந்தாள். அவள் பெயர் நமக்குக் கடைசிவரை தெரியாது. நமக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். அவள் புருஷன் உங்கள் டிவி முன்னால் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "போதும் வாங்க" என்கிறாள். அவன் நகரவில்லை. அவள் சலித்துக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பினாள். திரும்பிய இடத்தில் என் வளையல். ஒன்றைப் போட்டுப் பார்த்தாள், இன்னொன்றைப் போட்டுப் பார்த்தாள், நாத்தனாருக்கு ஒரு செட், நாத்தனார் மகளுக்கு ஒரு செட். புருஷன் சிரித்து முடிப்பதற்குள் இரண்டு பை நிறைந்துவிட்டது.

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். உங்கள் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று அப்படியே தெரிந்தது.

"யக்கா," என்றீர்கள் மெல்ல, "உங்க ஆளுங்க பேசுறதைப் போடுங்க, ஒரு டெஸ்ட் பண்ணிப் பாப்போம்."

போட்டேன். பெரியவர்கள் கையைக் கட்டி நின்றார்கள். அவர்களோடு வந்த பிள்ளைகளுக்கும் இளவட்டங்களுக்கும் ஒன்றும் புரியவில்லை. ஐந்து நிமிடத்தில் கொட்டாவி. பத்தாவது நிமிடத்தில் எல்லாரும் உங்கள் டின்களுக்கு முன்னால். சிரிப்பு வராத வாய்க்கு முறுக்கு தேவைப்பட்டது.

அன்றைக்கே ஒரு டிவியை வேனில் ஏற்றினோம். மற்றதை இரண்டு லாட்டுக்கும் நடுவில் உள்ள கம்பத்தில் கட்டினோம். உங்கள் படம் ஓடினால் என் வளையல் விற்கும், என் படம் ஓடினால் உங்கள் முறுக்கு விற்கும். அதற்கப்புறம் நாம் போட்ட சண்டையைக் கேட்டவர்களுக்குக் கிறுக்குப் பிடித்திருக்கும். "உங்களுதைப் போடுங்கக்கா", "இல்லக்கா, இன்னைக்கு உங்களுதே ஓடட்டும்". இரண்டு பேரும் பிடிக்காத சிரிப்புக்குக் கெஞ்சிக்கொண்டிருந்தோம். ஆனால் நான்கு மணி ஆனால் நீங்கள் ரிமோட்டைப் பிடுங்கிக்கொள்வீர்கள். "யாவாரம் போதும். இப்ப நான் சிரிக்கணும்" என்பீர்கள். நீங்கள் சிரித்தால் எனக்கு விற்கும் என்று தெரிந்தும்தான். ஐந்து மணிக்கு நான் அதையே செய்வேன்.

அந்த நான்கு மணி. அதைத்தான் இன்று ஸ்டோரில் உட்கார்ந்து நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிளாஸ்டிக் பையில் கட்டிய தே தாரே டீ, கம்பத்து ஆணியில் மாட்டியிருக்கும், உறிஞ்சுகுழல் வெளியே நீட்டிக்கொண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஈரமாக இருக்கும் சிமெண்டில் காலை வைப்போம். மேசை விசிறி ஒன்றுதான். தலையை ஆட்டி ஆட்டி ஒரு தடவை உங்களுக்கு, ஒரு தடவை எனக்கு. உடைந்த முறுக்கு விற்காது என்பதால் அது நமக்கு. உடைந்ததுதான் ருசி என்று நீங்கள் சொல்வீர்கள். நாளைக்கு உடைப்பதற்காகவே இரண்டைத் தனியாக எடுத்து வைப்பதை நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பேன். பின்னாளில் நல்ல ஓட்டலில் ஏசியில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன், மகன் தாய்லாந்து கூட்டிப்போனான், கடற்கரையில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். குறை சொல்லவில்லை. ஆனால் விசிறி என் பக்கம் திரும்பப்போகிறது என்று காத்திருக்கும் அந்தச் சந்தோஷம் ஏசியில் இல்லை.

பொட்டின் கதைக்கு வருகிறேன். எனக்கு ஒரு பழக்கம். கஸ்டமர் கூப்பிட்டால் படத்தை அப்படியே நிறுத்திவிட்டுப் போவேன். ஒருநாள் உங்கள் படம் ஓடிக்கொண்டிருந்தபோது நிறுத்திவிட்டு வளையல் காட்டப் போனேன். திரையில் ஒருத்தன் சைக்கிளோடு சாக்கடைக்குள் தலைகீழாகக் கிடக்கிறான். கால் மணி நேரம் அப்படியே கிடந்தான். நீங்கள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தீர்கள், மூன்றாவது தடவை முறுக்கை நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசை விட்டுவிட்டே வந்துவிட்டீர்கள்.

"எங்க வேணா நிறுத்துங்கக்கா. விழுந்து கெடக்குறவன நிறுத்தாதீங்க. எந்திரிக்க விடுங்க."

"படந்தானேக்கா."

"படந்தான். எனக்கு முறுக்கு நிறுக்கக் கை ஓட மாட்டேங்குது."

என் தட்டிலிருந்து ஒரு பொட்டை எடுத்து அந்தப் பட்டன்மேல் ஒட்டினீர்கள். "பொட்டு வச்ச பட்டனைத் தொட்டா முறுக்கு கெடையாது." அவ்வளவுதான் சட்டம்.

நீங்கள் சொன்னது எனக்கு முழுதாகப் புரிந்தது நான் விழுந்த அன்றைக்கு. மழை. கெமா துணியில் தண்ணீர் தொட்டிபோல் சேர்ந்து தொங்கியது. நான் துடைப்பக் கட்டையால் அடியிலிருந்து தள்ளினேன். தண்ணீர் தெருப் பக்கம் போகும் என்று நினைத்தேன். அது என் தலையில் இறங்கியது. பின்வாங்கினேன், கால் வழுக்கி, கண்ணாடி வளையல் தட்டோடு மல்லாந்து விழுந்தேன். உங்கள் படங்களில் ஒன்றுகூட அவ்வளவு நன்றாக எடுக்கப்படவில்லை. தெருவே சிரித்தது. நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. ஓடிவந்து மண்டியிட்டு உட்கார்ந்தீர்கள்.

"தலையில அடியா?"

"இல்லக்கா."

"கைய ஊனாதீங்க, கண்ணாடி கெடக்கு. என் தோளைப் பிடிங்க. ம், எந்திரிங்க. நிக்க முடியுதா? காலை ஆட்டுங்க. அந்தக் காலு?"

"நிக்கிறேன்கா."

"நல்லா?"

"நல்லாத்தான் நிக்கிறேன்."

"சரி" என்றீர்கள். போய் ஒரு முறுக்கு டின்மேல் உட்கார்ந்தீர்கள். அப்புறம் ஆரம்பித்தீர்கள். தோள் குலுங்கியது, டின் குலுங்கியது, கண்ணில் தண்ணீர். நனைந்த கோழியாக நின்ற எனக்கு முதலில் கோபம், அப்புறம் எங்கிருந்தோ சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தீபாவளி முடியும்வரை நான் விழுந்த விதத்தை வருகிற கஸ்டமருக்கெல்லாம் நடித்துக் காட்டினீர்கள். ஒவ்வொரு தடவையும் கடைசியில் எழுந்து நிற்பதையும் சேர்த்தே நடித்தீர்கள், அதைச் சொல்ல வேண்டும்.

வயிற்று வலி என்று உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று உங்கள் மகள் கார் நிறுத்த இடம் தேடிப் போயிருந்தாள். கவுண்டரில் ஃபாரம் நிரப்ப உங்கள் ஐசி அடையாள அட்டையை என் கையில் கொடுத்தீர்கள். பார்த்தேன். நீங்கள் என்னைவிட நான்கு வயது இளையவர். இருபது வருடமாக நீங்கள் என்னைக் கூப்பிட்டதுதான் சரி. எண்ணைப் பார்த்து ஃபாரத்தில் எழுதினேன். "என்னக்கா, பாத்தாச்சா?" என்றீர்கள், அந்த வலியிலும் ஒரு கண்ணைச் சிமிட்டி. "பாத்தேன்கா" என்றேன்.

ஆபரேஷனுக்கு அப்புறம் தினமும் மதியம் வந்தேன். போனில் உங்கள் விழுகிற ஆட்களைப் போட்டேன். "சிரிக்க வைக்காதீங்கக்கா, தையல் பிரிஞ்சிடும்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அடுத்த மூச்சில் "இன்னொண்ணு போடுங்க" என்றீர்கள். மலாய்க்கார நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி மருந்து கொடுக்க வந்தவள், நம் கட்டில் தலைமாட்டில் நின்று முழுதாக ஒன்றைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். "பாத்தீங்களா, எங்க ஆளுங்களுக்குப் பாஷையே வேணாம். உங்க ஆளுங்களுக்கு அகராதி வேணும்" என்றீர்கள்.

ஒருநாள் நீங்களாகவே என் பேச்சுக்காரர்களைப் போடச் சொன்னீர்கள். நான் சிரித்தேன். நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அத்தனை சந்தோஷம்.

"கடைசியில பிடிச்சிருச்சா?"

"எங்கக்கா. இப்பவும் எங்க சிரிக்கணும்னு தெரியல. நான் உங்க மூஞ்சியத்தான் பாக்குறேன். சிரிக்கும்போது உங்க மூக்கு ஒரு பக்கமாப் போகும், தெரியுமா? இத்தனை வருஷமா அதைத்தான் பாத்துட்டு இருக்கேன். உங்க டிவிய யாரு பாத்தா."

ஃபாரத்தைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. இரண்டு நாள் இருக்கிறது. இத்தோடு நிறுத்துகிறேன்.

மேலே உள்ளதை எழுதி ஐந்து வாரம் ஆகிறது. டிராயரில் போட்டு வைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் உங்கள் மகள் போன் செய்தாள். அம்மா லாட்டுக்குத் தன் பேரில் ஃபாரம் கொடுத்துவிட்டாளாம். ஷா ஆலம் ஆபீசில் ஒரு மாதம் லீவு வாங்கிவிட்டாளாம்.

"நீங்க ஃபாரம் குடுத்துட்டீங்கதானே ஆன்டி?"

"உனக்கு முறுக்கு சுடத் தெரியுமாம்மா?"

"சுடுறதுக்கு அம்மாகிட்ட இருந்த ரெண்டு பேரும் வர்றாங்க. நான் விக்கிறேன்."

"சரி, உனக்கு எந்த மாதிரி காமெடி பிடிக்கும்?"

"என்ன ஆன்டி?"

"யாவார விஷயமாத்தான் கேக்குறேன். சொல்லு."

"நான் பூனை வீடியோதான் பாப்பேன்."

"பூனை விழுமா?"

"விழும். ஆனா எப்பவும் கால் ஊனி எந்திரிச்சிடும் ஆன்டி."

போனை வைத்துவிட்டு ஃபாரத்தை எழுதினேன்.

இன்று கடை போட்டு நான்காவது நாள். நடுக்கம்பத்தில் டிவி இருக்கிறது, பழைய பிளேயர் இன்னும் ஓடுகிறது. உங்கள் மகள் டின்களை உங்களைப்போல் அடுக்கவில்லை. தன் இஷ்டத்துக்கு அடுக்குகிறாள், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. பூனையைப் போட்டுப் பார்த்தோம். எல்லாருக்கும் பிடித்துவிட்டது, அதனால் ஒருத்தரும் ஒன்றும் வாங்கவில்லை. பூனையை நிறுத்திவிட்டோம். அவளுக்கு வருத்தம்தான், ஆனால் காரணத்தைச் சொன்னதும் டின்மேல் உட்கார்ந்து சிரித்தாள்.

நான்கு மணிக்கு விசிறியைத் திருப்பி வைத்துவிட்டு உங்கள் ஆட்களைப் போட்டேன். வியாபாரத்துக்காக இல்லை. சைக்கிள்காரன் வந்தான், சாக்கடைப் பக்கம் வண்டி சாய்ந்தது, தலைகீழாக உள்ளே போனான். சரியாக அந்த நேரத்தில் ஒரு பெண் என் மேசைக்கு முன்னால் நின்று கேட்டாள்.

"அக்கா, இதுல ரெண்டு ஆறு சைஸ் வளையல் இருக்கா?"

பழக்கதோஷம், கட்டைவிரல் தானாக ரிமோட்டுக்குப் போனது. பட்டன்மேல் பொட்டு தட்டுப்பட்டது. விரலை எடுத்துவிட்டேன்.

"இருக்கும்மா. ஒரு நிமிஷம். அவன் எந்திரிச்சுக்கட்டும்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். இரண்டு பேரும் காத்திருந்தோம். முதலில் ஒரு கை வந்தது, அப்புறம் சைக்கிள் ஹாண்டில், அப்புறம் தலைமேல் ஒரு வாழை இலையோடு அவன். எழுந்து நின்றான். வேட்டியை இறுக்கிக் கட்டினான். மணியை ஒரு தடவை அடித்துப் பார்த்துக்கொண்டான்.

அப்புறம்தான் அக்கா, நான் சிரித்தேன். சிரித்து முடித்துவிட்டு ரெண்டு ஆறு எடுத்துக் கொடுத்தேன்.